தண்ணீர்ப் பந்தல் ஐஸ்

திருவிழாப் பலகாரம் என்று பேச்செடுத்தால் முறுக்கு, அதிரசம், சர்க்கரைப் பொங்கல் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முறுக்கு தீபாவளிக்கும் வரும், கல்யாணத்துக்கும் வரும். இப்போது பெட்ரோல் நிலையத்து அடுக்கில்கூட டப்பாவில் கிடைக்கிறது. பொங்கலை எந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனாலும் இலையில் வைத்துக் கொடுப்பார்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு மட்டுமே உரிய சுவை ஒன்று உண்டென்றால், அது தண்ணீர்ப் பந்தலில்தான் இருந்தது. பால்குடத்தின் பின்னால் வெறுங்காலோடு தார் சடக்கில் (சாலையில்) நடந்து வந்து, பந்தல் நிழலில் ஒதுங்கி, இரண்டு கையாலும் மங்குக் குவளையைப் பிடித்துக் குடிக்கிற பானகம். அந்தச் சுவையைத்தான் நான் இப்போது வீட்டில் ஐஸாகச் செய்கிறேன்.

எங்கள் ஊர் ஊத்தான் மெலிந்தாங் பக்கம். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தென்மேற்கு ஓரம்; பெர்னாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். டவுனில் ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள், மறு பக்கம் தோட்டங்களுக்குப் போகும் சடக்குகள். வடமேற்கே பாகான் டத்தோ வரைக்கும் தென்னைதான் கண்ணில் படும். தென்னைக்கு நடுவே கொக்கோ நட்டு வைத்திருந்த காலமும் உண்டு. பக்கத்திலிருக்கும் ஜெண்டாராத்தா தோட்டம் 1906-இல் ஓகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டென்மார்க்காரர் தொடங்கியது. எங்கள் தோட்டம் அவ்வளவு பெரிதில்லை, பெயர் பெற்றதுமில்லை. ரப்பராக இருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியது. ரப்பருக்கு வேண்டிய ஆள் செம்பனைக்கு வேண்டாம் என்பதால் லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்கள் தெலுக் இந்தானில் ஒரு தாமானுக்கு (வீட்டுக் குடியிருப்புக்கு) வந்தோம். பாட்டிக்கு அது கடைசி வரை தெலுக் ஆன்சன்தான். 1982-இல் பெயர் மாறியதை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. நான் கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்துவிட்டேன். லயத்தில் இப்போது வங்காளதேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியக் குடும்பங்களும் இருக்கிறார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருக்கிறது.

திருவிழா சித்திரையில் வரும். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமியின் கூட்டமும் ரதமும் எங்களுக்குக் கிடையாது. அது முடிந்த பிறகு வரும் வாரக் கடைசியில் நாங்கள் வைத்துக்கொள்வோம். உறவுக்காரர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் அல்லவா. கொடியேற்றம், காப்புக்கட்டு, கரகம், மறுநாள் பால்குடம், காவடி, சாயங்காலம் தீமிதி. இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள் அவை. காலையில் ஓர் இலை அசையாது. வெயில் நேராக மண்டையில் இறங்கும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். அதனால் மழைக்கு முன்னே ஊர்வலம் கோயிலைச் சேர்ந்துவிட வேண்டும் என்று உறுமி மேளக்காரர்களை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆற்றங்கரையில் அலகு குத்தி, குடம் தூக்கி, மண்சடக்கில் இறங்கி, பிறகு தார் சடக்கில் ஏறும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்துத் தாரின் மேல் கால் வைத்தவர்களுக்குத்தான் பந்தலின் அருமை தெரியும். வாளியில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றுவார்கள். ஊற்றிய இடத்தில் ஆவி கிளம்பும்.

பந்தல் தோட்டத்துக் கேட்டுக்குப் பக்கத்தில், தென்னங்கீற்று வேய்ந்து, வேப்பிலைத் தோரணம் கட்டியிருக்கும். மேட்டு லயத்துப் பெண்கள் பொறுப்பு. அதிலும் பானகம் பாட்டியின் பொறுப்பு. முந்தின நாள் இரவே வெல்லத்தைத் தட்டி அண்டாவில் ஊறப்போட்டுவிடுவார். அந்த வெல்லத்தில் கரும்புச் சக்கையும் மண்ணும் இருக்கும். பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுவார். சுக்கை அம்மியில் வைத்துத் தட்டுவாரே தவிர மாவாக்க மாட்டார். மாவாக்கினால் அடியில் போய் வண்டலாகத் தங்கிவிடும், கடைசியில் குடிப்பவனுக்குத்தான் அத்தனை காரமும் போகும் என்பார். ஏலக்காய் தோலோடு. புளி கொஞ்சம், பிறகு விடிந்ததும் லயத்து வேலியில் காய்த்த லிமாவ் கஸ்தூரி என்ற சின்னப் புளிப்புக் காயைப் பறித்து வந்து பிழிவார். ஒரு கை துளசி, ஒரு கல் உப்பு, கடுகளவு பச்சைக் கற்பூரம். இந்தியாவில் எலுமிச்சை பிழிவார்கள். லிமாவ் கஸ்தூரியின் மணம் வேறு. தோலில் ஆரஞ்சுப் பழத்தின் வாசனை கொஞ்சம் இருக்கும். எங்கள் ஊர்ப் பானகத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவேன் என்றால் அதற்கு அந்தக் காய்தான் காரணம்.

ஐஸ் படகுத்துறைப் பக்கமிருந்து வரும். மீன் படகுகளுக்கு ஐஸ் போடும் ஆலையில் பெரிய கட்டிகளாக வாங்கி, மரத்தூளில் புதைத்து, கோணிச்சாக்கு சுற்றி மாமா லாரியில் ஏற்றிவருவார். கழுவி, ஆணியால் குத்தி உடைத்து, பானை பானையாக அண்டாவுக்குள் இறக்குவார்கள். அந்த முதல் மடக்கை இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியும். முதலில் தொண்டையில் குளிர். அதன் பின்னால் வெல்லம். வெல்லம் இறங்கும்போது புளிப்பு. எல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டது என்று நினைக்கும்போது சுக்கு மெதுவாகக் காதோரம் சூடேற்றும். குளிர்ந்த தண்ணீரைக் குடித்து உடம்பு சூடாவது அங்கே மட்டும்தான். பிள்ளைகளான நாங்கள் ஒரு மங்கோடு ஓடப் பார்ப்போம். காரணம், கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் ஐஸ்பெட்டி கட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் பொத்தோங் விற்பவர் மணியடித்துக்கொண்டிருப்பார். தேங்காய்ப் பாலும் சிவப்புப் பயறும் போட்டு, நீளவாக்கில் உறைய வைத்து, குச்சி செருகியது. பாட்டி விடமாட்டார். "மொதல்ல பானகத்தக் குடிச்சி முடி. அப்பறமா ஐஸு."

நான் செய்யும் ஐஸில் அந்த இரண்டும் இருக்கின்றன. கீழ்ப்பாதி பானகம், மேல்பாதி தேங்காய்ப் பால். இரண்டையும் கலந்து ஒன்றாக ஊற்றினால் வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் தேங்காய்ப் பாலில் புளிப்பு பட்டால் திரிந்து, கொழுப்பு தனியே, தண்ணீர் தனியே பிரியும். அடுக்காகத்தான் போட வேண்டும். அடுக்கு என்று முடிவானதும் எனக்கு ஒரு பெரிய கேள்வி வந்தது. மேல் அடுக்குக்கு எந்த இனிப்பு?

சமையல் தெரிந்த யாரும் குலா மெலாக்கா, அதாவது தென்னை வெல்லம், என்று சொல்லிவிடுவார்கள். தேங்காய்ப் பாலும் குலா மெலாக்காவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கே குளிரக் குளிரச் சாப்பிடும் செண்டோல் ஒன்றே சாட்சி. குலா மெலாக்கா என்பது தென்னம்பாளையைச் சீவி வடிந்த நீரைப் பெரிய சட்டியில் மணிக்கணக்கில் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி ஆறவைத்து எடுப்பது. புகையும் லேசான கசப்பும் கலந்த இனிப்பு. தென்னை நிறைந்த எங்கள் வட்டாரத்தில் அது பஞ்சமில்லாமல் கிடைக்க வேண்டிய பொருள். ஆனால் பாட்டியின் அடுப்படியில் நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. வாங்க மாட்டார். மலாய் வீட்டிலிருந்து யாராவது கொடுத்தாலும் வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

காரணம் தாத்தா. அதே பாளையிலிருந்து வடியும் நீர்தான் புளித்தால் கள். தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் அங்கே வரிசை நிற்கும். தாத்தா எப்போதும் வரிசையின் முன்பக்கம். பாட்டி பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிச் சம்பாதித்ததும் அங்கேதான் போனது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். தங்கள் கூலி போகும் வழி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இராணுவத்தைக் கொண்டுவந்து அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். நான் இன்று வசிக்கும் ஊரின் சுற்றுப்புறத்தில் நடந்த விஷயம் இது. இங்கே வந்த பிறகுதான் அதைப் பற்றிப் படித்தேன். படித்தபோது பாட்டியின் முகம்தான் வந்தது. தென்னை நிறைந்த ஊரில் இருந்துகொண்டு, கடையில் காசு கொடுத்துக் கரும்பு வெல்லம்தான் வாங்குவேன் என்று நின்ற பெண்ணின் கோபம் எவ்வளவு நியாயமானது!

ஆகவே மேல் அடுக்குக்கு குலா மெலாக்கா போடலாமா என்பதை நானாக முடிவு செய்ய விரும்பவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தேங்காப்பாலுக்கு அதுதான்மா ருசி, போடு. காய்ச்சிட்டா அது கள்ளு இல்லையே. ஆனா பானகத்துல மட்டும் போட்றாத. அது பாட்டியோடது" என்றார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். கீழே கரும்பு வெல்லம், மேலே குலா மெலாக்கா. சுவைக்கும் அதுதான் பொருத்தம் என்று பிறகு தெரிந்தது. இரண்டிலும் ஒரே இனிப்பைப் போட்டால் நாக்கு சீக்கிரம் சலித்துவிடும். வெல்லத்துக்கு ஒரு கூர்மை உண்டு, அது புளிப்போடு நிற்கும். குலா மெலாக்கா உருண்டையான இனிப்பு, பாலோடு கரையும்.

செய்முறைக்கு வருகிறேன். பானகத்தை அப்படியே உறைய வைத்தால் பல் உடையும் பனிக்கட்டிதான் கிடைக்கும். அதைவிட மோசம், உறிஞ்ச உறிஞ்ச வெல்லச் சாறு முதலில் வாய்க்கு வந்துவிடும், கடைசியில் கையில் வெறும் ஐஸ்தான் மிஞ்சும். தண்ணீர் உறையும்போது சர்க்கரையை வெளியே தள்ளிவிட்டுத் தான் மட்டும் உறைகிறது. சர்க்கரை மிச்சத் தண்ணீரில் திரண்டு நிற்கிறது. இதற்கு எனக்குக் கிடைத்த வழி சப்ஜா விதை. மலாய்க் கடைகளில் பீஜி செலாசே என்பார்கள், சிராப் தண்ணீரில் மிதக்குமே, அதுதான். ஊறினால் சுற்றிலும் வழுவழுப்பாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஐஸ் பெரிய பெரிய ஊசிகளாக வளர்வதில்லை. துளசிக் குடும்பத்து விதை என்பதால் பானகத்துக்கு அந்நியமும் இல்லை.

ஏழு நூறு மில்லி தண்ணீருக்கு 200 கிராம் வெல்லம் போடுங்கள். குடிக்கும் பானகமாக இருந்தால் இது திகட்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மங்கித்தான் தெரியும், அதனால் உறைய வைப்பதற்கு இவ்வளவு வேண்டும். இனிப்பு அதிகமாக இருப்பது ஐஸ் கல்லாகாமல் இருக்கவும் உதவும். இன்னும் கூட்டினால் உறையவே மாட்டேன் என்று கொழகொழவென்று நிற்கும். வெல்லத்தைச் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். தட்டிய சுக்கு ஒரு விரல் நீளத் துண்டு, ஏலக்காய் ஐந்து, ஒரு சிட்டிகை உப்பு. அரை மணி நேரம் மூடிவைத்து மறுபடி வடிகட்ட வேண்டும். இனிப்பைப் போலச் சுக்கின் காரமும் குளிரில் கொஞ்சம் அடங்கும், அதனால் அதைக் குறைக்க வேண்டாம். நன்றாக ஆறிய பின்னால்தான் லிமாவ் கஸ்தூரி. ஆறேழு காய்ச் சாறு. சூட்டில் பிழிந்தால் அந்த மணம் போய்விடும். ஊறவைத்த சப்ஜா இரண்டு கரண்டி. அகலமான, விளிம்பு உயர்ந்த அலுமினியத் தட்டில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வைத்துவிடலாம். பச்சைக் கற்பூரம் போடுவதானால் உண்பதற்கென்று விற்பதை மட்டும், அதுவும் ஊசி முனையளவு. கோயிலில் ஏற்றும் கட்டிக் கற்பூரம் உணவுப் பொருளே அல்ல. தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

மேல் அடுக்குக்கு 500 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால், 130 கிராம் குலா மெலாக்கா, 25 கிராம் ஹுன் குவே மாவு. இந்த மாவு பச்சைப் பயறிலிருந்து எடுக்கும் மாச்சத்து. ஐஸ்கிரீம் பொத்தோங் சீக்கிரம் உருகி வழியாமல், கடித்தால் லேசாக இழுப்பது இதனால்தான். அரிசி மாவும் போட்டுப் பார்க்கலாம், துள்ளுமாவு வாசனை வரும். ஆனால் உறைந்த பிறகு நாக்கில் தூள்தூளாகத் தட்டுப்படுகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பாலோடு வாசனைக்குப் பண்டான் இலை இரண்டு முடிச்சு, உப்பு, தூளாக்கிய குலா மெலாக்கா சேர்த்துச் சின்னத் தீயில் வைத்து, கொதிக்க விடாமல் துழாவிக்கொண்டே மாவுக் கரைசலை ஊற்ற வேண்டும். கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் பதம் வந்ததும் இறக்கிவிடலாம். தேங்காய்ப் பால் துருவிப் பிழிந்ததாக இருந்தால் நல்லது. கிள்ளான் சந்தையில் கண் முன்னே பிழிந்து தருகிறார்கள். பெட்டிப் பால் அவசரத்துக்குச் சரி, ஆனால் இந்தப் பண்டத்தில் தேங்காய் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கவனம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: எப்போது மேலே ஊற்றுவது என்பது. பானகம் முழுக்க இறுகிவிட்டால் பால் அதன்மேல் ஒட்டாது, வெட்டும்போது இரண்டும் வழுக்கிப் பிரிந்துவிடும். விரலால் அழுத்தினால் மேல்புறம் கெட்டியாகவும் உள்ளே கொஞ்சம் இளக்கமாகவும் இருக்க வேண்டும். பால் ஆறிக் குளிர்ந்திருக்க வேண்டும். ஊற்றி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் தட்டின் அடியை ஒரு நொடி சுடுதண்ணீரில் காட்டிக் கவிழ்த்தால் பலகைபோல வந்துவிடும். வெந்நீரில் நனைத்த கத்தியால் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, குச்சி செருகி, மறுபடி உள்ளே வைக்க வேண்டும்.

என் மகளுக்குத் தோட்டம் தெரியாது. அவளுக்குத் தெரிந்த திருவிழா, வருஷத்தில் ஒரு சனிக்கிழமை காரில் மணிக்கணக்காக உட்கார்ந்து போய், சூட்டில் அழுது, பிளாஸ்டிக் கப்பில் பாக்கெட் ஜூஸ் குடித்துவிட்டு வருவது. கொஞ்ச வருஷமாகவே பந்தலில் பானகம் இல்லை. பாட்டியின் வயதுப் பெண்கள் போன பிறகு வெல்லம் வடிகட்ட ஆளில்லாமல் போனது. யாரோ ஒருவர் உபயமாகப் பெட்டி பெட்டியாகப் பாக்கெட் பானம் இறக்க, அதுவே வழக்கமாகிவிட்டது. உபயம் கொடுப்பவரின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பானம் எல்லாப் பந்தலிலும், எல்லாக் கடையிலும், எல்லா நாளும் ஒரே சுவை. எங்கள் அம்மனுக்கு என்று அதில் எதுவுமில்லை. மகள் முதன்முதலில் இந்த ஐஸைக் கடித்தபோது மேலிருந்து ஆரம்பித்தாள். பால் முடிந்து பானகத்துக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கினாள், புளிப்பு. கொஞ்சம் கழித்து, "அம்மா, காரமா இருக்கு. ஐஸ் எப்படிம்மா காரமா இருக்கும்?" என்றாள். கேட்டுக்கொண்டே முழுசாகத் தின்றுவிட்டு இன்னொன்று எடுத்தாள். அம்மா தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்தபோது குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பானகப் பக்கத்திலிருந்து தின்றார். பாட்டி சொன்ன வரிசை அவருக்கு இன்னும் மாறவில்லை. "சுக்கு போதாது" என்றார். அரை விரல் நீளத் துண்டை ஒரு விரலாக்கியது அதற்குப் பிறகுதான்.

மாமா இன்னும் கோயில் கமிட்டியில் இருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போய், இந்தச் சித்திரைக்குப் பந்தலில் வைக்கலாமா என்று கேட்டார். முந்நூறு துண்டாவது வேண்டும். என் வீட்டு ஐஸ்பெட்டியில் அதில் கால்வாசிகூட அடங்காது. கிள்ளானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங் போவதற்குள் பாதி உருகிவிடும். வழியை மாமாவே சொன்னார். படகுத்துறை ஐஸ். உடைத்த ஐஸில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கல்லுப்பைக் கலந்தால் சுழியத்துக்குக் கீழே 21 பாகை வரைக்கும் இறங்கக்கூடியது அந்தக் கலவை. நம் வீட்டு ஐஸ்பெட்டி இறங்குவது 18 பாகைதான். மின்சாரமில்லாத காலத்தில் குச்சி ஐஸ் செய்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். மீன் ஏற்றும் பெரிய நுரைப்பெட்டிகளைப் புதிதாக வாங்கி, அடியில் ஐஸும் உப்பும் பரப்பி, மூடி போட்ட தட்டுகளை அடுக்கிவிட்டால் கோயில் மண்டபத்துப் பின்னாலேயே உறையவைத்துவிடலாம். உப்புத் தண்ணீர் தட்டுக்குள் போகாமல் இருக்க மூடியைச் சுற்றி மெழுகு நாடா ஒட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவு வெல்லம் தட்ட அம்மா வருகிறார், சின்னம்மா வருகிறார். லயத்திலிருக்கும் வங்காளதேசத்துத் தம்பிகள் இருவர் அண்டா தூக்க வருவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் வெயிலில் காவடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்கள்தான். லிமாவ் கஸ்தூரிக்கு நான் கவலைப்படவில்லை, பழைய மேட்டு லயத்து வேலியில் இரண்டு மரம் இன்னும் காய்க்கிறது. அண்டாவில் குடிக்கும் பானகமும் கட்டாயம் இருக்க வேண்டும், அதைக் குடித்த பிறகுதான் ஐஸ் என்று அம்மா நிபந்தனை போட்டிருக்கிறார். கமிட்டி ஒப்புக்கொண்டது. உப்புக்கு மட்டும் இன்னும் உபயதாரர் கிடைக்கவில்லை. கல்லுப்பு ஐந்து மூட்டை. ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் மாமாவுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.